மார்சிலிங்கில் பார்த்த கூரை

சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், "டீச்சர், முஸ்தபாவுக்குப் போனீங்களா? என்ன வாங்கினீங்க?" என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். சிராங்கூன் சாலைக்கும் போனேன். மல்லிகைச் சரமும் விளக்குத் திரியும் வாங்கினேன். ஆனால் இந்த முறை நான் பாலம் தாண்டிப் போனது ஒரு கூரையைப் பார்ப்பதற்காக. அதுவும் நிலையான கூரை இல்லை. சில வாரங்கள் நின்றுவிட்டு, பிறகு கழற்றிக் கொண்டு போகிற கூரை.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் ஜொகூரில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தகரக் கூரை துருப்பிடித்து, மழை நாளில் கருவறை வரைக்கும் சொட்டுகிறது. கூரையை மாற்றுவது என்று கமிட்டியில் முடிவாயிற்று. அம்மனை நினைத்தபடி இடம் பெயர்க்க முடியாது. அன்றாடப் பூசையும் நிற்கக் கூடாது. "கோயிலைச் சுற்றிக் குழாய் நட்டு, மேலே ஒரு பெரிய கித்தானை இழுத்துக் கட்டிவிடலாம். அடியில் பழைய தகரத்தை நிதானமாகக் கழற்றலாம்" என்றார் தலைவர். எல்லாரும் தலையாட்டினார்கள். கமிட்டிக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு மட்டும் தலை ஆடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் திருவிழா அன்று, அன்னதானத்துக்காக வாடகைக்கு எடுத்த கித்தான் கூடாரம் ஒன்று காற்றில் எழும்பியது. எழும்பியது என்றால், ஆள் எழுந்து நிற்பதைப் போல நான்கு காலும் தரையை விட்டு எழுந்தது! ஒரு குழாய் சுழன்று வந்து, இலை போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவரின் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. அவருக்கு இன்றைக்கும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. அன்று காலையில் கூடாரம் போட்டவர்கள் கயிற்றுக் கட்டையும் இரும்பு முளைகளையும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். வாடகை ரசீதில் அவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தோம். "அதை ஏன் கட்டவில்லை?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சாம்பார் வாளி வந்தது, நானும் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். வானமும் வெளுப்பாகத்தான் இருந்தது.

ஆகவே, கமிட்டி கலைந்ததும் தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். என் தம்பி சிங்கப்பூரில் சாரம் கட்டும் வேலையில் மேற்பார்வையாளன். குடும்பத்தோடு மார்சிலிங்கில் இருக்கிறான். "அக்கா, இதைப் போனில் சொன்னால் விளங்காது. லீவுதானே, வந்து பாருங்க" என்றான்.

மார்சிலிங் சிங்கப்பூரின் வடக்கு முனை. 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள பாலத்தைத் தாண்டி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை விட்டு வெளியே வந்தால் அடுத்து வருவது இதுதான். ஜொகூர் பாருவில் இருந்து பார்க்கும்போது கடலுக்கு அப்பால் வரிசையாகத் தெரிகிற அடுக்குமாடிகளில் பாதி இந்தப் பக்கத்தவை. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். எம்.ஆர்.டி. நிலையம் 1996-இல் திறந்தார்கள். அதற்கு முன்பு இந்த வட்டாரமும் நம் ஊர் மாதிரித்தான் ரப்பர் மரமும் கம்பமுமாக இருந்தது. செம்பவாங்கில் வெள்ளைக்காரர் கட்டிய கடற்படைத் தளத்துக்குத் தமிழர்களும் மலையாளிகளும் வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தளத்துக்கு எண்ணெய் சேமித்து வைத்த நிலத்தடிச் சுரங்கங்கள் மார்சிலிங் காட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. மார்சிலிங் ரைஸ் சாலையில் ஸ்ரீ சிவகிருஷ்ணா ஆலயம் இருக்கிறது. போன மாலையே அங்கே போய் ஓர் அர்ச்சனை செய்தேன். ஊரைப் பற்றி இவ்வளவு போதும். உணவங்காடியில் குடித்த தே தாரிக் நம் தோட்டத்துக் கடைக்கு ஈடாகாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

தம்பி வீடு பதினொன்றாம் மாடி. அவன் வேலை செய்கிற இடம் தொழிற்பேட்டையில். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அவன் வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதையில் நின்றால் அந்தக் கூரை முழுவதும் கண்ணுக்குக் கீழே தெரிந்தது. பழைய கிடங்கு ஒன்று. அதன் மேற்கூரையை மாற்றுகிறார்கள். உள்ளே இயந்திரங்கள் இருப்பதால் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக் கூடாது. அதனால் கிடங்குக்கு மேலே இன்னொரு கூரை. கட்டடத்தின் இரண்டு பக்கமும் இரும்புச் சாரம் கோபுரம் கோபுரமாக நின்றது. அவற்றின் தலையில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஏணியைப் படுக்கப் போட்டது போன்ற அலுமினிய உத்தரங்கள். நடுவில் உயர்ந்து இரு புறமும் சரிகிற வாட்டம். உத்தரங்களின் ஓரத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. படுதாவின் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் நுழைத்து, பாவாடை நாடா கோப்பது போலக் கயிறு கட்டி இழுத்துவிடுகிறார்கள். கூரை மேலே ஏறி ஆணியடிக்க ஆள் தேவையில்லை. படுதா முரசுத் தோல் மாதிரி விறைத்து நிற்கிறது.

"அக்கா, சாதாரணச் சாரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "சாதாரணச் சாரம் பாரத்தைத் தரைக்கு இறக்கும். இது அப்படி இல்லை, காற்று வந்தால் மேலே போகப் பார்க்கும். நாம கட்டுறது கூரை இல்லை, பட்டம்."

சாரத்தின் செங்குத்துக் குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று சொருகப்பட்டிருக்கும். பாரம் கீழே அழுத்தும்போது அந்தச் சொருகல் போதும். மேலே இழுக்கும்போது கையிலிருந்து வளையல் கழல்வது போலக் கழன்றுவிடும். அதனால் கூரை தாங்குகிற சாரத்தில் ஒவ்வொரு மூட்டிலும் துளையிட்டு முள்ளாணி பூட்டுகிறார்கள். அடியிலே எடைக் கற்களைக் கட்டுகிறார்கள். கட்டடத்தோடும் பிணைக்கிறார்கள். பக்கவாட்டில் சாயாமல் இருக்கக் குறுக்குக் குழாய்கள் போகின்றன. மேலே இருந்து பார்த்தாலும் அதே பெருக்கல் குறி தெரிய வேண்டும் என்றான். எத்தனை எடை, எத்தனை பிணைப்பு என்பதை மேஸ்திரியின் கண் தீர்மானிப்பதில்லை. பொறியாளர் கணக்குப் போட்டு வரைபடத்தில் எழுதித் தருகிறார்.

கணக்கு என்றதும் என் காது நிமிர்ந்தது. தம்பி மகளின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 6 கிலோ அழுத்தம் விழுகிறது. அதே காற்று 72 கிலோமீட்டர் ஆனால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, நான்கு மடங்கு: சுமார் 25 கிலோ. 144 ஆனால் பதினாறு மடங்கு, 100 கிலோ. எங்கள் கமிட்டி சொன்ன கித்தான் 20 அடிக்கு 30 அடி. அது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 72 கிலோமீட்டர் காற்று அடியில் புகுந்து, அந்த அழுத்தம் முழுவதும் மேல்நோக்கித் தள்ளினால் 1,400 கிலோ. செம்பனைக் குலை ஒன்று 20 கிலோ என்று வைத்தால் 70 குலை. அத்தனையையும் தூக்கி எறிகிற பலம்! குழாயும் கித்தானும் சேர்ந்து இருநூறு முந்நூறு கிலோ இருக்குமா? இருநூறு லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய் ஏழு வைத்தால் எடை சரிக்குச் சரி ஆகும். ஆனால் சரிக்குச் சரி என்பது போதாது. பாதியளவாவது கூடுதலாக வைக்க வேண்டும் என்றான்.

"72 கிலோமீட்டர் காற்று நம்ம பக்கம் எங்கேடா வருது?" என்றேன். அவன் சிரித்தான். சிங்கப்பூரில் 1984 ஏப்ரல் 25-ஆம் தேதி தெங்காவில் 144.4 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்று வீசியதாகப் பதிவு இருக்கிறது. 2024 செப்டம்பர் 17-ஆம் தேதி மாலை அடித்த காற்று 83 கிலோமீட்டர். தீவு முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்தும் கிளை முறிந்தும் போயின. இவற்றைச் சுமத்ராக் காற்று என்கிறார்கள். சுமத்ரா பக்கத்திலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் உருவாகி, பெரும்பாலும் விடியுமுன் வந்து சேர்கிறது. ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை இதன் காலம். சிங்கப்பூரில் அடிப்பதற்கு முன் அது நம் ஜொகூரையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

எனக்குப் பாடம் நடத்தவே வந்தது போல, மூன்றாம் நாள் விடியற்காலை அது வந்தது.

ஐந்து மணி இருக்கும். ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. எழுந்து போனால், தம்பி நடைபாதையில் கைலியோடு நின்றுகொண்டிருந்தான். மேற்கே வானம் கரியைப் பூசியது போலக் கிடந்தது. குளிர்ந்த காற்று முதலில் வந்தது. பின்னாலேயே மழை, படுக்கைவாட்டில். எதிர் மாடி மறைந்துவிட்டது. மின்னல் வெட்டும்போது மட்டும் அந்த வெள்ளைக் கூரை தெரிந்து மறைந்தது. "நேற்று சாயந்தரமே வானிலை அறிக்கை பார்த்தோம், அக்கா. போட்டு முடிக்காத பக்கத்துப் படுதாவை உருவி எடுத்துட்டுத்தான் இறங்கினோம்" என்றான். பாதி மூடிய கூரைதான் முழுக் கூரையை விட ஆபத்தானதாம். ஒரு பக்கம் மூடி மறு பக்கம் திறந்திருந்தால், திறந்த வாய் வழியாகக் காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் கூரையைத் தூக்கும். குடைக்குள் காற்று புகுவது போலத்தான். அதனால் அன்றன்றைக்கு எவ்வளவு முடிக்க முடியுமோ அவ்வளவைத்தான் விரிக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவன் குரல் நிதானமாக இருந்தது, கை மட்டும் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் இருவரும் அப்படியே நின்றோம். அவன் மனைவி கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று.

மழை விட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். கடுமையான மழை காற்றுக்குப் பிறகு மேற்பார்வையாளர் சாரத்தைச் சோதிக்காமல் யாரும் அதில் ஏறக் கூடாது. மழை இல்லாவிட்டாலும் 7 நாளைக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். 2011-இல் அந்நாட்டில் கொண்டுவந்த சாரப் பாதுகாப்பு விதிகள் அப்படிச் சொல்கின்றன. எட்டு மணிக்கு வேலையாட்கள் வந்துவிட்டார்கள். மேலிருந்து பார்த்தேன், யாரும் ஏறவில்லை. புதுக்கோட்டை, அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தலைக்கவசத்தோடு வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பத்து மணி வரைக்கும் அப்படித்தான்.

மத்தியானம் வந்தவனிடம், "கூரை கிழிஞ்சுதா?" என்றேன். "கூரைக்கு ஒன்றும் இல்லை, அக்கா. கால்தான்." படுதாவில் விழுந்த தண்ணீரை இறக்கும் குழாய் ஒன்று காற்றில் விலகி, ஒரு சாரக் காலின் அடியிலேயே கொட்டியிருக்கிறது. பலகைக்கு அடியில் மண் அரித்துக் கால் அந்தரத்தில் நின்றதாம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். சிவப்பு அட்டை மாட்டி, மண்ணை இறுக்கி, புதுப் பலகை போட்டு, அதற்கு அப்புறம்தான் பச்சை அட்டை. காற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, தண்ணீர் இப்படி அடியிலிருந்து வேலை செய்யும் என்று தோன்றவே இல்லை. மேலேயும் அது சும்மா இருப்பதில்லை. கித்தான் தொய்ந்து, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழியில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 400 கிலோ. அதனால்தான் வாட்டம் நன்றாக இருக்க வேண்டும், விறைப்பும் வேண்டும். திருவிழாவில் நம் பிள்ளைகள் துடைப்பக் கட்டையால் கித்தானை முட்டித் தண்ணீர் தள்ளுவார்களே, அந்த விளையாட்டுக்கு இனி நான் அனுமதி தரப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்துக்கு அழைத்துப் போனான். 2023 பிப்ரவரி 12-இல் குடமுழுக்கு நடந்த கோயில். அதற்கு முந்திய வருடம் முழுவதும் கோபுரத்தைச் சாரம் சூழ்ந்திருந்தது. இப்போது ஒரு குழாயின் தழும்புகூட இல்லை. தம்பி கோபுரத்து மூர்த்திகளைக் கும்பிட்டுவிட்டு, கட்டியிருந்த சாரத்தின் கால்கள் எங்கெங்கே நின்றிருக்கும் என்று காட்டத் தொடங்கிவிட்டான். தொழில் புத்தி.

வழியில் வேறு ஊர்களின் கதையும் சொன்னான். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி மேடைக்கு மேலே போட்ட தற்காலிகக் கூரை காற்றில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துப் பிடித்த கம்பிகளைச் சாலையோரத் தடுப்புக் கான்கிரீட் கட்டைகளில் கட்டியிருந்தார்கள். கட்டைகள் கனமானவைதான், ஆனால் தரையில் சும்மா வைக்கப்பட்டவை. காற்று இழுத்தபோது அவை வழுக்கி நகர்ந்துவிட்டன. பணம் இல்லாத நாடா அது? 2019 ஜூனில் ராஜஸ்தானில் ஜசோல் என்ற ஊரில், இராமகதை கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் மேல் பந்தல் சரிந்தது. 14 பேர் போனார்கள். இரும்புக் குழாயும் மின்சாரக் கம்பியும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. காற்று மட்டுமா? தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7-ஆம் தேதி, குடமுழுக்கு யாகசாலையின் ஓலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. என் தாத்தா காலத்தில் தோட்டத்துத் திருவிழாவுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல்தான். மூங்கிலும் கமுகும் நட்டு, கால்களை இரண்டடி ஆழம் புதைத்து, கீற்று முடைந்து போடுவார்கள். காற்று அடித்தால் கீற்று சலசலக்கும், இடுக்கு வழியாகக் காற்று போய்விடும், அதிகம் போனால் நாலு கீற்று பறக்கும். கித்தானுக்கு இடுக்கு இல்லை. அதோடு இப்போது இரும்புக் காலைச் சிமெண்டுத் தரையில் சும்மா நிறுத்திவிட்டு, பந்தல் என்ற பழைய பெயரையே வைத்துக்கொள்கிறோம். தம்பியிடம் சொன்னேன். "தாத்தா என்ஜினியர்தான், அக்கா. ஆனால் தீ வைத்தால் கீற்று பத்து நிமிடம் தாங்காது" என்றான். அதுவும் உண்மைதான்.

கடைசியில் எங்கள் கோயில் கதைக்கு வந்தோம். மார்சிலிங்கில் உள்ளது போன்ற கூரைக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையில் எங்கள் கோயிலையே இடித்துக் கட்டலாம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் சொன்னான்:

"உங்களுக்கு மேல் கூரையே வேண்டாம், அக்கா. பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வச்சுக்குங்க. வடகிழக்கு மழை முடிஞ்சிருக்கும், சுமத்ராக் காற்று தொடங்கியிருக்காது. முழுக் கூரையையும் ஒரே நாளில் திறக்காதீங்க. காலையில் நாலு தகரம் கழற்றுங்க, இரண்டு மணிக்குள்ளே அந்த இடத்தில் புதுசைப் போட்டு இறுக்கிடுங்க. இடி மழை பெரும்பாலும் சாயந்தரம்தானே? கருவறைக்கு மேலே மட்டும் கடைசியில். ஏறுகிறவன் இடுப்பில் பட்டை, அது மாட்ட ஒரு நல்ல உத்தரம். துருப்பிடித்த தகரத்தில் கால் வைக்க விடாதீங்க, பலகை போடுங்க. சாரம் கட்ட ஜே.கே.கே.பி.யில் பதிந்த ஆளைக் கூப்பிடுங்க. மண்டோர் மகனுக்குக் கை சுத்தம்தான், ஆனால் அவனுக்கு வேண்டாம்."

ஊருக்கு வந்து கமிட்டியில் இதைப் படித்தேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. "சித்திரைத் திருவிழாவுக்குள் முடியுமா? நாலு நாலு தகரமாகப் போட்டால் எத்தனை நாள் கூலி?" என்றார். நியாயமான கேள்விதான், கூலிக் கணக்கு அவர் சொன்னதைவிட அதிகமாகத்தான் வருகிறது. நோட்டில் இருந்த 1,400 கிலோக் கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். எழுபது குலை என்றதும் வெட்டுக்காட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தப் பாரம் தோளில் தெரியும். வாக்கெடுப்பில் மார்ச் மாதம் என்று முடிவாயிற்று. தலைவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கூட்டம் முடிந்து சாமான் அறையைத் திறந்தபோது, பழைய வாழைத் தார்க் கயிறுகளுக்குப் பின்னால் அந்தக் கட்டு கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய கயிறும் இரும்பு முளைகளும். அன்றைய களேபரத்தில் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறோம். கடைக்காரரும் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தேன், முடிச்சுக்கூட அவிழ்க்கப்படவில்லை. பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எத்தனை இருக்கு, டீச்சர்?" என்று கேட்டார். எண்ணினேன். "எட்டு, பெரியம்மா." அவர் இடது கையால் ஒன்றை எடுத்துக் கனம் பார்த்துவிட்டு, பழையபடி வைத்தார். மறுநாள் அவற்றைக் கடையில் சேர்த்துவிட்டு, தாமதக் கட்டணமாக 30 வெள்ளி என் கையிலிருந்து கொடுத்தேன். கமிட்டிக் கணக்கில் அதை எழுதவில்லை.